வால்வு ஆம்ப்: பயஸ் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: 12ஏஎக்ஸ்7 வால்வில் (வெற்றிடக் குழாய்) ப்ரீ ஆம்ப் (முதல் கட்டப் பெருக்கி) கட்டியிருக்கிறேன். சப்ளை 300 வோல்ட், பிளேட் (எலக்ட்ரான்களைப் பிடிக்கும் தகடு) ரெசிஸ்டர் 100 கே (கிலோ ஓம்). சிக்னல் இரு பக்கமும் சமமாக ஆடட்டும் என்று கேத்தோடில் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) 560 ஓம் போட்டு, பயஸை, அதாவது சிக்னல் இல்லாதபோது பிளேட் நிற்கும் இடத்தை, சரிபாதியாக 150 வோல்ட்டில் வைத்தேன். சிறிய சிக்னலுக்குச் சுத்தமாக இருக்கிறது, பெரிதானால் கரகரக்கிறது. ஏன்?

பதில்: 150 என்பது சப்ளையின் பாதி. பிளேட் ஆடக்கூடிய இடத்தின் பாதி அல்ல. டேட்டா ஷீட்டில் உள்ள பிளேட் கர்வ் படத்தில், கீழ் அச்சின் 300 வோல்ட்டையும் பக்க அச்சின் 3 மில்லி ஆம்பியரையும் (300 வோல்ட் ÷ 100 கே) ஸ்கேல் வைத்து இணையுங்கள். அதுதான் லோட் லைன்; பிளேட்டின் வோல்டேஜும் கரண்ட்டும் இந்தக் கோட்டின் மேல்தான் நகரும். கிரிட் (சிக்னல் நுழையும் கம்பி வலை) 0 வோல்ட் கர்வை அது வெட்டும் இடம் சுமார் 100 வோல்ட். பிளேட் அதற்குக் கீழே இறங்காது. ஆக, ஆடும் இடம் 100 முதல் 300 வரை, நடு 200.

இப்போது உங்கள் கேத்தோடில் 0.8 வோல்ட்தான் இருக்கும்; அதாவது கிரிட், கேத்தோடைவிட அவ்வளவுதான் குறைவு. அதுவும் முழுதாகப் பயன்படாது. கிரிட், கேத்தோடைவிட அரை வோல்ட் குறைவாக இருக்கும்போதே கிரிட் கரண்ட் எட்டிப்பார்க்கும். முந்தைய ஸ்டேஜின் இம்பீடன்ஸ் அதிகமாக இருந்தால் அலையின் மேல் முனை அங்கேயே மழுங்கிவிடும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான்.

லோட் லைன் மீது 200 வோல்ட், 1 மில்லி ஆம்பியர் புள்ளியைப் பாருங்கள். கிரிட் சுமார் −1.5 வோல்ட் என்று காட்டும். 1.5 வோல்ட்டை 1 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1.5 கே. 560 ஓமை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். அதற்கு இணையாக 22 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் வைத்தால் பேஸ் சுமார் 10 ஹெர்ட்ஸ் வரை குறையாது. உள்ளே வரும் சிக்னல் இன்னும் பெரிது என்றால் 2.7 கே, பிளேட் 220-ஐத் தாண்டும். ஆனால் அங்கே கர்வ்கள் நெருங்கிக் கிடப்பதால் அலையின் ஒரு பக்கம் அமுங்கும். தேவையில்லாமல் அங்கே போக வேண்டாம்.

அடுத்த ஸ்டேஜின் கிரிட் ரெசிஸ்டரையும் மறக்காதீர்கள். அது 220 கே என்றால், சிக்னலுக்கு லோட் 100 கே அல்ல, சுமார் 69 கே. கெயின் (சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது) 52 அளவில் நிற்கும், ஆட்டமும் சுருங்கும். 1 மெக் (மெகா ஓம்) போட முடிந்தால் நல்லது.

கேள்வி: சிங்கிள் எண்ட் (ஒரே வால்வில் ஓடும்) ஆம்ப், அவுட்புட் வால்வு இஎல்84. பிளேட்டிலும் ஸ்கிரீனிலும் (அதன் இரண்டாவது கிரிட்) 290 வோல்ட், கேத்தோடில் 130 ஓம், அதன் மேல் 8.2 வோல்ட். பிளேட் சிவக்கிறது. வால்வு கெட்டுவிட்டதா?

பதில்: கணக்கே காட்டிக்கொடுக்கிறது. 8.2 ÷ 130 = 63 மில்லி ஆம்பியர். ஸ்கிரீன் பங்கு ஏறக்குறைய 6 போக, பிளேட்டுக்கு 57. கேத்தோடிலிருந்து பார்த்தால் பிளேட்டில் 282 வோல்ட். பெருக்கினால் 16 வாட். இஎல்84-இன் எல்லை 12. அந்த 130 ஓம் 250 வோல்ட்டுக்கு உரியது.

220 ஓம், 3 வாட் போடுங்கள். கேத்தோடு 9.5 வோல்ட் பக்கம் வரும், பிளேட் 11 வாட் அளவில் அடங்கும். ரெசிஸ்டரை மாற்றும் முன் ஃபில்டர் கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மாற்றிய பிறகும் கேத்தோடு வோல்டேஜ் 11, 12 என்று ஏறினால், கிரிட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி அளக்கவும். அரை வோல்ட் பாசிட்டிவ் தெரிந்தாலே கப்ளிங் கண்டென்சரின் (முந்தைய ஸ்டேஜிலிருந்து சிக்னலை மட்டும் கடத்தி டிசியைத் தடுப்பது) கிரிட் பக்கக் காலைக் கழற்றி மறுபடி பாருங்கள். வோல்டேஜ் மறைந்தால் கண்டென்சர் லீக். மறையாவிட்டால் வால்வை மாற்றத்தான் வேண்டும்.