ஸ்ட்ராங் ஸ்காட்ச் ஏல் என்பது விஸ்கி கலந்த பீரா? குடித்தால் எப்படி இருக்கும்?

விஸ்கி ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் காய்ச்சிய, மால்ட் (முளைகட்டிய பார்லி) தூக்கலான, கெட்டியான பீர். பெயரைப் பார்த்து நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன்.

எனக்கு ஊர் கிருஷ்ணகிரி. போன மாதம் வேலையாகப் பெங்களூரு போனபோது, சொந்தமாக பீர் காய்ச்சும் ஒரு பப்பில் இதைக் குடித்தேன். கூட வந்தவன் மச்சான், பாலக்கோட்டுக்காரன். அவன் வீட்டில் இன்றும் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே புரியும்.

பலகையில் ஆல்கஹால் 7.5 சதவீதம் என்று போட்டிருந்தது. நம் ஊர்க் கடையில் ஸ்ட்ராங் பீர் வாங்கிப் பழகியவனுக்கு அந்த எண் பெரிதில்லை. வந்தது, வழக்கம்போல ஒரு மடக்கு இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. லேசான இனிப்பு, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு விலை என்று எரிச்சலோடு கிளாஸைத் தள்ளி வைத்தேன். அந்த நேரம் வீட்டிலிருந்து போன் வர, வெளியே போய்ப் பேசிவிட்டு வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தால் மச்சான் என் கிளாஸை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். “மாமா, இது பாகு பதம் தாண்டுற வாசம்” என்றான்.

வாங்கி முகர்ந்தால் நிஜமாகவே அதுதான். கொப்பரையில் கருப்பஞ்சாறு சுண்டி, இறக்குவதற்கு ஒரு நிமிஷம் தாமதமானால் ஓரத்தில் லேசாகத் தீயுமே, அந்த வாசம். அதன் பின்னால் பேரீச்சம்பழம், வறுத்த ரொட்டியின் மேல்தோல். விளக்கில் பிடித்துப் பார்த்தால் செம்பு கலந்த பழுப்பு நிறம். நாக்கில் வழவழவென்று கனமாக இறங்கியது. கசப்பு ரொம்பக் குறைவு. விழுங்கிய பிறகுதான் நெஞ்சில் மெல்லச் சூடு ஏறுகிறது.

மச்சான் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாம் கேழ்வரகை முளைகட்டுகிற மாதிரி பார்லியை முளைகட்டிக் காயவைத்ததுதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்புச் சாறு வரும். ஸ்காட்ச் ஏலுக்கு அந்தச் சாற்றைப் பலர் நிறைய நேரம் கொதிக்க விடுவார்கள். சிலர் முதலில் வடியும் கெட்டிச் சாற்றில் கொஞ்சத்தைத் தனியே எடுத்துப் பாகு மாதிரி சுண்டவைத்து, மறுபடியும் அதோடு சேர்ப்பதும் உண்டு. கசப்புக்கான ஹாப்ஸ் என்ற பூவைக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். ஆக, வெல்லம் காய்ச்சுகிறவன் மூக்கு ஏமாறவில்லை.

புகை வாசம் வருமா என்றும் கேட்பார்கள். கரிமண் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து எரிக்கும் பீட்) புகை காட்டிய மால்ட்டைச் சேர்ப்பது பெரும்பாலும் புதிய கிராஃப்ட் ப்ரூவரிகளின் வேலை. பழைய ஸ்காட்டிஷ் ஏலுக்கு அது அவசியமில்லை. நான் குடித்ததில் இல்லை, அதில் எனக்குச் சந்தோஷமே.

ஸ்காட்லாந்தில் இந்த ஏலை ‘வீ ஹெவி’ என்றும் சொல்வார்கள். ‘வீ’ என்றால் அவர்கள் பேச்சில் சின்னது. சின்ன பாட்டிலில் வந்த கனமான சரக்கு. 19ஆம் நூற்றாண்டில் பீப்பாய் விலையை வைத்தே 60 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று ஏலுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். விலை ஏற ஏறச் சரக்கும் கனம். ட்ராக்வேர் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் 1965இல் மறுபடியும் காய்ச்சத் தொடங்கிய ஏல் இந்த வகையில் பேர்போனது. அது 7.2 சதவீதம். நான் இன்னும் குடித்ததில்லை.

நீங்கள் குடிப்பதாக இருந்தால் சின்ன கிளாஸ் கேளுங்கள். ஜில்லென்று வந்தால் கொஞ்ச நேரம் மேஜையிலேயே விடுங்கள். 10 முதல் 13 டிகிரி வரை இருந்தால்தான் வாசம் எழும். காரமான சைட் டிஷ் வேண்டாம், எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வறுத்த வேர்க்கடலை போதும்.

அப்புறம், வண்டியை எடுக்காதீர்கள். நாங்கள் சில்க் போர்டில் பஸ் ஏறினோம். அத்திப்பள்ளி வருவதற்குள் மச்சான் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். போன் பேசப் போன இருபது நிமிஷத்தில் என் கிளாஸில் எவ்வளவு குறைந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.