அரிசி ஆலை நீராவிக் குழாயில் ஃபிளாஞ்ச் மறைப்பு, ஸ்டீம் ட்ராப், யூ வளைவு எல்லாம் உண்மையில் தேவையா?

புது மில் போடுகிறீர்கள், கொட்டேசனில் பொயிலருக்கும் குழாய்க்கும் கீழே வருகிற சில்லறைச் சாமான்களின் தொகையைப் பார்த்துத் திகைத்திருக்கிறீர்கள், யாரோ வெட்டச் சொல்லியுமிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெட்டாதீர்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் மில்களுக்குப் பைப் வேலை செய்கிறவன். பரந்தனுக்கு அங்கால் ஒரு மில்லில், எனக்கு முதல் வேலை செய்த ஆள் பொயிலரிலிருந்து நெல் அவிக்கிற தொட்டி வரைக்கும் குழாயை நேரே இழுத்து, இரண்டு முனையையும் அசையாமல் இறுக்கியிருந்தார். 5 பார் நீராவி என்றால் சூடு கிட்டத்தட்ட 159 பாகை. அந்தச் சூட்டில் 20 மீற்றர் இரும்புக் குழாய் 3 சென்ரிமீற்றர் நீளும். நீள இடமில்லாவிட்டால் ஃபிளாஞ்சைத்தான், அதாவது இரண்டு குழாயைப் போல்ட் போட்டுப் பூட்டுகிற தட்டு மூட்டைத்தான் நெம்பும். குழாய் திரும்புகிற எல்போவுக்குப் பக்கத்து ஃபிளாஞ்ச் எந்நேரமும் கசிந்தது. போல்ட்டை இறுக்குவார்கள், திரும்பவும் கசியும். காலையில் வால்வைத் திறந்தால் குழாய்க்குள் சம்மட்டியால் அடித்தமாதிரிச் சத்தம். நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற ஸ்டீம் ட்ராப் இல்லாததால் குழாயில் தேங்கிய தண்ணீரை நீராவி தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதுகிறது, வேறொன்றுமில்லை.

குழாய் நீள இடம் கொடுக்கிற யூ வளைவும் ட்ராப்பும் போட முதலாளி சம்மதித்தார், ஆனால் அறுவடை முடியட்டும் என்றார். சரி, அதுவரைக்கும் என்று அந்த ஃபிளாஞ்சைச் சுற்றித் துருப்பிடிக்காத தகட்டில் ஒரு பட்டி வளைத்துப் பூட்டினேன், அடியில் சொட்டுவதற்கு ஒரு துளை விட்டு. ஃபிளாஞ்ச் மறைப்பு என்பது இதுதான். "இதென்ன சோடனை" என்று சிரித்தார்கள். ஃபிளாஞ்சுக்கு நடுவில் கசியாமல் வைக்கிற கஸ்கட் கிழிந்த அன்று உமிக் கூடையோடு ஒரு பொடியன் பக்கத்திலேயே நின்றான். நீராவி தகட்டில் மோதிக் கீழே இறங்கியது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினான், உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

தகடு கசிவை நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை, படித்த ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். முகத்துக்கு நேரே பாய்வதைத் தடுக்கும், அவ்வளவுதான். காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை இருந்த பரந்தனில் நின்று இதை விளக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மில் வாசலில் அலங்கார வளைவு கட்டுகிறவருக்கு உடனே காசு, பைப்காரனுக்கு மட்டும் "அறுவடை வரட்டும் தம்பி". காலபோகம் போய்ச் சிறுபோகமும் வந்துவிடும், கணக்கு அப்படியே கிடக்கும்.

காசு உண்மையிலேயே முட்டுப்பாடு என்றால், ஆட்கள் போகாத உயரத்திலுள்ள ஃபிளாஞ்சுகளுக்கு மறைப்பைப் பிறகு போடலாம். யூ வளைவிலும் ட்ராப்பிலும் கை வைக்காதீர்கள். ட்ராப்புக்கு முன்னால் ஒரு வால்வும் கசடைப் பிடிக்கிற வலைவடியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் புதுக் குழாயில் வெல்டிங் கசடு வந்து முதல் கிழமையே ட்ராப்பை அடைக்கும்.