நெஸ் ஏரி விலங்கு நிஜமா? எங்கள் கண்மாயில் தெரிந்த நீளக் கழுத்து எது?

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாயில் பாம்பு மாதிரி ஒரு கழுத்து நீந்திப் போனதை உங்கள் ஐயா பார்த்தார் என்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அது பெரும்பாலும் பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, வளைந்த கழுத்து மட்டும் வெளியே தெரியும். சட்டென்று முங்கி வேறு பக்கம் எழும். கொஞ்சம் காத்திருந்தால் கரைக் கருவேலத்தில் ஏறி, சிறகை விரித்துக் காயவைப்பதையும் பார்க்கலாம்.

ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் நீளக் கழுத்து விலங்கு இருக்கிறது என்ற கதை வேறு. அங்கே 1933இல் செய்தித்தாள்கள் கிளப்பிய பரபரப்பு அது. அந்த விலங்கு என்று 1934இல் வந்த புகழ்பெற்ற புகைப்படம், பொம்மை நீர்மூழ்கியில் தலையை ஒட்டி எடுத்தது என்று 1994இல் வெளிவந்தது. நல்ல கூத்து!

ஏரி சுமார் 230 மீட்டர் ஆழம், தண்ணீரோ மக்கிய தாவரச் சேற்றால் கறுப்பு. அதனால் அலை, மிதக்கும் கட்டை எல்லாமே பூதமாகத் தெரியும். 2018இல் ஏரி நீரை எடுத்து, அதில் கலந்திருக்கும் உயிரினங்களின் மரபணுவைச் சோதித்தார்கள். ஊர்வனவற்றின் தடயமே இல்லை, விலாங்கு மீனின் மரபணுதான் ஏராளம். பெரிய விலாங்காக இருக்குமோ என்று ஒரு பேச்சு உண்டு, அதற்கும் ஆதாரம் கிடையாது.