மாரி மழைக்கும் சேர்த்துத்தான் முற்காசு

அன்புள்ள அக்கா,

நாங்கள் உவர்மலையில் இருக்கிறோம். குச்சவெளிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், ஐப்பசி முதல் தை வரைக்குமான காசை இப்போதே கட்டினால் கிழமைக்கு ஒரு பை மரக்கறி தருவதாகச் சொல்கிறார். பையில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம், மழையில் அழிந்தால் காசும் திரும்பாதாம். அம்மா, “காணாத கத்தரிக்காய்க்குக் காசா?” என்கிறார். சேரலாமா?

கே., திருகோணமலை

அன்புள்ள தம்பி,

சேருங்கள். ஆனால் கட்டுவதற்கு முன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அந்தத் தோட்டத்துக்குப் போய்வாருங்கள்.

போன மாரிக்கு நாங்கள் ஆறு வீட்டுக்காரர் சேர்ந்து கன்னியாப் பக்கம் ஒரு குடும்பத்திடம் இப்படிக் கட்டினோம். முதல் பையில் வேரில் ஈரமண்ணோடு கீரை, நுனியை வளைத்தால் டக்கென்று முறிகிற வெண்டிக்காய், பயற்றங்காய். அப்புறம் மார்கழியில் மழை விடாமல் பெய்து தக்காளிப் பாத்தியில் தண்ணீர் நின்று வேர் அழுகிப்போக, மூன்று கிழமை பூசணித் துண்டும் முருங்கை இலையும் வாழைப்பொத்தியும்தான் வந்தன. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பை வாங்கப் போன இடத்தில் அந்தத் தோட்டக்கார அக்கா கையை நீட்டிக் காட்டினார், இரண்டு காப்பு. ஒவ்வொரு வருடமும் விதைக்கும் பசளைக்கும் அடகுக்குப் போகிற காப்பு, இந்த முறை போகவில்லை.

அடகு வைக்காதவர்கள் வியாபாரியிடம் கடன் வாங்குவார்கள், பிறகு அறுவடையை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். இங்கே விளைந்தது தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு லொறியேறிப் போய்த் திரும்ப நம் சந்தைக்கே வருவதும் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அந்த நட்டத்தில் கமக்காரரோடு பங்குக்கு நின்றவர் யார்? 1986 இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு தோட்டங்களில் இப்படி முற்காசு கட்டும் ஏற்பாடு தொடங்கியபோதும் பேச்சு இதுதான்: பருவத்துக்கு முன்பே காசு, விளைச்சலிலும் நட்டத்திலும் பங்கு. ஜப்பானில் 1970களிலேயே ‘தெய்கெய்’ என்று இப்படியொரு ஏற்பாடு இருந்தது. ஆகவே மழையில் அழிந்தால் காசு திரும்பாது என்று அவர் முதலிலேயே சொன்னது எனக்கு அவர்மேல் நம்பிக்கையைத்தான் தருகிறது.

தோட்டத்தில் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை வீட்டுக்கு எவ்வளவு நிலம், என்ன மருந்து அடிக்கிறார், கடைசியாக எப்போது அடித்தார், வெள்ளம் நின்றால் மேட்டில் வேறு என்ன நட்டிருக்கிறார். நிலத்துக்கு மிஞ்சி வீடுகளைச் சேர்த்திருந்தால் வேண்டாம். நான்கு மாதக் காசு ஒன்றாகக் கஷ்டமென்றால் இரண்டு தவணை கேட்டுப் பாருங்கள், எங்களுக்கு ஒத்துக்கொண்டார்கள். கரட், லீக்ஸ் எல்லாம் மலைநாட்டு மரக்கறி, அதை இவரிடம் எதிர்பார்க்க வேண்டாம். அம்மாவுக்குப் பாவற்காய் பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் அம்மாவுக்குக் கஷ்டம். இரண்டு துணிப்பையும் கொண்டுபோங்கள், வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா