தோருக்கும் தலைக்கட்டு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் ஐஸ்லாந்து போய் வந்தேன். கிறிஸ்தவம் வருவதற்கு முன் வட ஐரோப்பாவில் கும்பிட்ட தோர், ஓடின் என்ற தெய்வங்களின் வழிபாடு அங்கே திரும்பவும் நடக்கிறது என்றார்கள். வேறு நாடுகளிலும் சிலர் கிராமத்தில் சொந்த நிலத்திலேயே இந்தத் தெய்வங்களுக்குக் கோவில் வைத்து நடத்துகிறார்களாம். ஆயிரம் வருடத்துக்கு முன் அறுந்த மரபை ஏட்டைப் பார்த்து நடத்துவது மாறுவேடப் போட்டி இல்லையா? இவர்கள் நிஜமாகவே நம்புகிறார்களா? இனவெறிக் கும்பல்கள் இந்தச் சின்னங்களைத் தூக்கிக்கொண்டு திரிவது பற்றியும் சொல்லுங்கள்.

ர., கோவை

அன்புள்ள ர.,

அந்தக் கும்பல்களோடு தங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இந்த வழிபாட்டை அங்கே நடத்தும் ஆசாத்ரு சங்கமே சொல்லிவிட்டது. அதை விடுங்கள். நிஜமாக நம்புகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கோவில் வரிசையில் நிற்கிறவரிடம் இதைக் கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பி வாருங்கள், பார்ப்போம்.

கொஞ்ச நாளாக எய்ர்பிக்யா சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதைநூல்தான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களாக வந்து மாட்டினீர்கள். அதில் தோரோல்ஃப் என்று ஒரு நார்வேக்காரர் வருகிறார். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அரசனோடு பகை. தோரிடம் கேட்கிறார், ஐஸ்லாந்துக்குப் போ என்று உத்தரவாகிறது. கோவிலைப் பிரித்து மரங்களைக் கப்பலில் ஏற்றுகிறார். அதோடு தோர் வீற்றிருந்த பீடத்துக்கு அடியிலிருந்து மண்ணும் எடுத்துக்கொள்கிறார். பிடிமண்! நம் ஆட்கள் பிழைக்கப் போன ஊரில் குலசாமியை வைக்கச் செய்வதும் இதைத்தானே?

ஐஸ்லாந்தில் அவர் கட்டிய புதுக் கோவிலின் விதிகள்தான் எனக்குப் பிடித்த இடம். சுற்றுவட்டாரத்தார் எல்லோரும் கோவிலுக்கு வரி கட்ட வேண்டும். ஆனால் கோவில் சிதையாமல் பார்த்துக்கொள்வதும் பலி விருந்து போடுவதும் பூசாரியின் சொந்தச் செலவு. பக்கத்து மலை ஹெல்காஃபெல். முகம் கழுவாமல் அதை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. சபை கூடும் புல்வெளியில் யாரும் ஒதுங்கக் கூடாது; அதற்கென்று கடலில் ஒரு பாறையைக் காட்டிவிட்டார்.

சிரிக்காதீர்கள். தோரோல்ஃப் செத்தபின், ‘அவ்வளவு தூரம் நடக்க முடியாது, புல்லிலேயே இருப்போம்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மகன் தோர்ஸ்டெய்ன் விடவில்லை. வெட்டுக்குத்து, சாவு. ரத்தம் விழுந்த நிலத்துக்கு இனிப் புனிதம் கிடையாது என்று சபையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பஞ்சாயத்து எதில் முடிந்தது தெரியுமா? எதிர்த்தரப்புத் தலைவனும் கோவில் செலவில் பாதியை ஏற்க வேண்டும், வரியில் பாதி அவனுக்கு. எழுதியது 13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கை, அப்படியே நம்பாதே என்பார்கள் அறிஞர்கள். சரி. ஆனால் கழிப்பறைத் தகராறை எவன் மெனக்கெட்டுக் கற்பனை செய்வான்?

எங்கள் குலதெய்வக் கோவில் கணக்கைப் பெரியப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். எண்ணெய், திரி, கிடாய்க்கு மஞ்சள், கக்கூஸ் குழி தோண்டிய கூலி. தலைக்கட்டு வரி பாக்கி வைத்தவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சுழி. சாமியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் போய் நம்பிக்கையை விசாரித்திருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார்.

உங்கள் மாறுவேடக்காரர்களையும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும். கூரை ஒழுகினால் யார் ஏறுகிறார்? வருகிறவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள்? ஆசாத்ரு சங்கத்தின் முதல் தலைவர் ஸ்வேன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் ஆடு வளர்த்த விவசாயி, பழைய பாட்டுகளை ராகம் போட்டுப் பாடியவர். சங்கம் ஆரம்பித்த மறுவருடம், 1973 ஆகஸ்டில், தன் பண்ணையிலேயே கொட்டும் மழையில் முதல் பொதுப் பூசையை நடத்தினார். தோர் சிலை வெறும் பிளாஸ்டரில் செய்தது. இது வேஷம் என்றால் நனைந்துகொண்டு போட்ட வேஷம் ஐயா. ஐஸ்லாந்து வரை போய்விட்டு அந்தப் பண்ணைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வந்திருப்பீர்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

தலைநகர் ரேய்க்யவிக்கில் சங்கம் கட்டும் பெரிய கோவிலுக்கு 2015இல் வேலை தொடங்கினார்கள். செலவு ஏறி, தேதி மேல் தேதியாகத் தள்ளிப்போனது. தோரோல்ஃபாக இருந்தால் வீடு வீடாகப் போய் வரி வசூலித்திருப்பார்.