“ரேஷியோ ஒன்றுதான்” என்றார் மெக்கானிக்: ஆக்சில் மாற்றிய ஜீப்பும் நுகர்வோர் வழக்கும்

கேள்வி: என்னிடம் 1994-ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540 ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இருக்கிறது. பின் ஆக்சில் தேய்ந்து சத்தம் போட்டதால், கோவைக்கு வெளியே உள்ள ஒரு பட்டறையில் பொலிரோவின் பழைய பின் ஆக்சிலைப் பொருத்தினேன். ‘ரேஷியோ ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்’ என்று பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். ஆக்சிலுக்கு 58,000, வெல்டிங், ஷாஃப்ட், பிரேக், கூலிக்கு 84,000 என மொத்தம் 1,42,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டே மாதத்தில், மழையில் கோத்தகிரி ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டு ஏறும்போது இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தது. அதைச் சரிசெய்ய 46,000 ஆகுமாம். வேறொரு மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை, முன்பக்கம் 5.38, பின்பக்கம் 4.88 இருக்கும், கழற்றினால் உறுதியாகச் சொல்லலாம் என்கிறார். சக்கரங்கள் இருபுறமும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன. பட்டறைக்காரர் என்னைத் தரக்குறைவாகப் பேசுகிறார், நண்பர்கள் முன் கேலி செய்கிறார். மனஉளைச்சலுக்கும் சேர்த்து 5 லட்சம் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும், போலீசில் மோசடிப் புகார் கொடுக்கவும் நினைக்கிறேன். ஆர்.டி.ஓ.விடமும் அவரை மாட்டிவிடலாமா?

பதில்: கேலி, தரக்குறைவான பேச்சு, நண்பர்கள் முன் பட்ட அவமானம் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றுக்கு எந்த ஆணையமும் பெரிய தொகை தராது. உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு கேள்வியில்: உடைந்ததற்குக் காரணம் பட்டறை செய்த வேலையின் குறையா, அல்லது நீங்கள் கேட்டு வாங்கிய மாற்றம்தானா? குறை என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தக் குரல் பதிவு மட்டும். மாற்றம்தான் காரணம் என்று காட்ட எதிர்தரப்புக்கு உங்கள் ஜீப்பே போதும், அது தெருவில் நிற்கிறது.

முன்னும் பின்னும் ரேஷியோ வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். 5.38-க்கு 4.88 என்றால், பின் சக்கரம் 100 மீட்டர் ஓடும் நேரத்தில் முன் சக்கரம் 91 மீட்டர்தான் ஓட முயலும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். ஆகவே ரேஷியோ பொருந்தாமல் கொடுத்தது சேவைக் குறைபாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் நடு டிஃப்ரென்ஷியல் இந்த ஜீப்பில் கிடையாது. ரேஷியோ சரியாக இருந்தாலும் தார் சாலையில் ஃபோர் வீல் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பினால் இதே முறுக்கு ஏறும். பட்டறைக்காரரின் வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். “கோத்தகிரி ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டு ஏறும்போது” என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை வேறு யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மழையில் ஈரத் தார் கொஞ்சம் வழுக்கும், அது உங்கள் பக்கம் சொல்லக்கூடிய வாதம். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

மனு எப்படிப் போடுவது, கட்டணம் என்ன என்பதில் உங்களுக்குச் சிக்கல் இருக்காது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமே இல்லை. சம்பவத்திலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆகவே அவசரம் வேண்டாம். மோசடிப் புகாரை மறந்துவிடுங்கள். ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். தப்பாகக் கணக்குப் போட்ட மெக்கானிக் மோசடிக்காரர் ஆகமாட்டார். ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்தக் காகிதத்தை அவர் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்.

இப்போது நான் உண்மையில் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாவது, அந்த இரண்டாவது மெக்கானிக் ஆக்சிலைக் கழற்ற விடாதீர்கள். இந்த வகை வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கோபத்தில் வண்டியை வேறு பட்டறைக்கு இழுத்துப் போவார்கள், அங்கே ஆக்சிலின் கூடான ஹவுசிங்கைத் திறந்து, ரேஷியோவைத் தீர்மானிக்கும் பற்சக்கரங்களான கிரவுன், பினியனை வெளியே எடுத்துப் பல்லை எண்ணுவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், கையோடு பழைய ஆக்சிலையும் போட்டுவிடுவார்கள். ஆணையத்தில் எதிர்தரப்பு கேட்கும் ஒரே கேள்வி: ‘அந்தக் கிரவுன் எங்கள் ஆக்சிலில் இருந்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?’ அதற்குப் பதில் இருக்காது. நிபுணரை வைத்துப் பரிசோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; கீழே சொல்லும் சோதனை சாட்சியோடு முடிகிற வரையாவது பொருள் பொருத்திய நிலையிலேயே இருக்க வேண்டும்.

திறக்காமலே ரேஷியோவைக் காட்டலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரிலும், ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. சாதாரண டிஃப்ரென்ஷியலுக்கு இது பொருந்தும். இரு சக்கரத்தையும் சேர்த்தே சுற்றவைக்கும் லாக் உள்ளதாக இருந்தால் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரு சுற்று சுற்ற வேண்டும். பின்பக்கம் 4.88 என்றால் ஷாஃப்டின் கோடு ஐந்து சுற்றுக்கு அரைக்கால் சுற்று முன்பே நின்றுவிடும். முன்பக்கம் இதே போல், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப் லாக் இருந்தால் அதைப் போட்டுவிட்டுச் செய்தால், ஐந்து சுற்றைத் தாண்டி மேலும் காலே அரைக்கால் சுற்று போகும். உடைந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இறுகியிருந்தால் ஷாஃப்டின் அந்த முனையை மட்டும் கழற்றிவிட்டுச் சுற்றலாம். இதைப் பட்டறைக்காரருக்குத் தேதி, நேரம் எழுதித் தெரிவித்து, அவர் வந்தாலும் வராவிட்டாலும், சம்பந்தமில்லாத ஒரு மூன்றாம் மெக்கானிக் முன்னிலையில், வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, ஆக்சில் ஹவுசிங்கில் உள்ள முத்திரை எண், புதிதாக வெல்டிங் செய்த ஸ்பிரிங் பட்டை இருக்கை, பிறகு சாக்பீஸ் கோடு என்று வரிசையாகப் படத்தில் வரட்டும்.

குரல் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோனை மாற்றாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இல்லாமல் அது ஆதாரமாக ஏறாது. அந்தச் சான்றிதழுக்கு மூலக் கருவி உங்கள் கையில் இருக்க வேண்டும். நண்பருக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருக்கிறேன் என்பது போதாது.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரிது: உங்கள் மனுவே உங்களுக்கு எதிரான வாக்குமூலம் ஆகும். பிரமாணப் பத்திரத்தோடு, “நான் வேறு மாடல் வாகனத்தின் ஆக்சிலை என் வாகனத்தில் பொருத்தச் சொன்னேன்” என்று எழுதப் போகிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கில், இதற்குக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதில் சொல்லியிருப்பது உரிமையாளரை, பட்டறைக்காரரை அல்ல.

உங்களுக்கு வாதம் இல்லாமல் இல்லை. மாற்றம் என்றால் வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. தேய்ந்த ஆக்சிலுக்கு அதே மாடல் ஆக்சில் போட்டிருந்தால் அது ரிப்பேர், யாரும் கேட்க முடியாது. உங்கள் வண்டியிலோ சக்கர அகலம் கூடியிருக்கிறது, ஹவுசிங்கில் பட்டை இருக்கையை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் செய்திருக்கிறார்கள், பின் பிரேக் டிரம்மும் வீல் சிலிண்டரும் வேறு. இதை வெறும் ரிப்பேர் என்று வாதாட நான் தயார். ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்கத் தயாரில்லை. எதிர்தரப்பு தன் பதிலில் முதல் பத்தியிலேயே, சட்டவிரோத மாற்றத்தை விரும்பிக் கேட்டவர் பரிகாரம் கேட்க முடியாது என்று எழுதும். சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவு கூடவே வரும். 1994 வண்டி என்பதால் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறீர்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கும்போது உங்கள் கையெழுத்திட்ட அந்த மனு பொது ஆவணமாக ஏற்கெனவே இருக்கும்.

மூன்றாவது, இன்றைக்கே செய்ய வேண்டியது: வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். ஃபோர் வீல் போடாமல் டூ வீலில் மட்டும் ஓட்டுகிறேன் என்ற நினைப்பும் வேண்டாம். பின் பிரேக் மாறியதால் முன் பின் பிடிப்பின் அளவு மாறியிருக்கலாம். வெல்டிங் சூட்டில் ஆக்சில் குழாய் லேசாக வளைந்திருந்தால் ஆயில் சீல் கசிந்து டிரம்முக்குள் எண்ணெய் இறங்கும், பிரேக் பிடிக்காது. ஸ்பீடோமீட்டர் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஓடுவதால் அது 60 காட்டும்போது நீங்கள் 66-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். குறை தெரிந்தே ஓட்டி யாருக்காவது அடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவு. உயிர் போனால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1), 5 ஆண்டு வரை சிறை. எனக்குக் கடிதம் எழுதிய நாளுக்குப் பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று உங்களால் சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கை விரிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க முயலும் நிலையும் வரலாம், அது லட்சங்களில் இருக்கும். 1,42,000-க்கு வழக்காடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே என் ஆலோசனை சமரசம். அதையும் ஒரு கணக்கோடு செய்யுங்கள். உங்கள் பழைய ஆக்சில் எங்கே என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அது பட்டறையின் மூலையில் கிடந்தால் உங்கள் நிலை நல்ல நிலை: கிரவுன், பினியன், பேரிங் மட்டும் மாற்றி அதையே திரும்பப் பொருத்தலாம். அதை அவர் விற்றிருந்தால் அதே எம்.எம். 540 ஆக்சிலை, முன்பக்கத்துக்குப் பொருந்தும் ரேஷியோவில், அவரே தேடித் தர வேண்டும். பழைய வண்டிச் சாமான் சந்தையான சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற விவரத்தோடு பில் இருக்கட்டும். திருட்டு வண்டிச் சாமான் என்று பின்னால் தெரிந்தால் அந்தத் தலைவலி உங்களுடையது. இப்போது போட்டிருக்கும் பொலிரோ ஆக்சிலுக்கும் அதே பில்லைக் கேட்டுப் பாருங்கள். அவரால் காட்ட முடியாவிட்டால் பேச்சுவார்த்தையில் அவர் குரல் தானாக இறங்கும்.

கேட்க வேண்டியது: ஆக்சில் பணம் 58,000 திரும்ப, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செலவில் பாதி 23,000, பழைய நிலைக்கு மாற்றும் கூலி அவருடையது. கொடுத்த 84,000-ஐ விட்டுவிடுங்கள். பாதிக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். தார் சாலையில் ஃபோர் வீல் போட்டதற்கான விலை அது. 5 லட்சம் என்ற எண்ணை வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், சொன்ன நிமிடம் அவர் வக்கீலைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆர்.டி.ஓ.விடம் மாட்டிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்காதீர்கள். மாட்டுவது முதலில் நீங்கள். தவிர, குற்றப் புகார் கொடுப்பேன் என்று மிரட்டிப் பணம் வாங்குவது தனிக் குற்றமாகவே திருப்பப்படலாம். சமரசப் பத்திரத்திலும் ‘எந்த அதிகாரியிடமும் புகார் செய்யமாட்டோம்’ என்ற வரியை எழுதாதீர்கள். அது செல்லாது, பத்திரத்தையே கெடுக்கும். “பின் ஆக்சில் பொருத்திய வேலையில் ஏற்பட்ட குறைக்கு முழு மற்றும் இறுதித் தீர்வாக” என்பதற்கு மேல் காரணம் எதுவும் வேண்டாம். பழைய ஆக்சில் பொருத்தி, இருவர் முன்னிலையில் சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்து, முன்னும் பின்னும் ஒரே எண் வந்த பிறகே கையெழுத்து. பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். பின்தேதியிட்ட காசோலை வாங்கினால் அடுத்த 2 ஆண்டு செக் மோசடி வழக்குக்கு அலைவீர்கள்.

அவர் எதற்கும் வராவிட்டால் மட்டும் ஆணையம். அப்போதும் மனுவை நீங்கள் எழுத வேண்டாம். ‘ஆஃப் ரோடு’, ‘மாடிஃபை’ என்ற சொற்களும் 5 லட்சமும் இல்லாத, ரேஷியோவைப் பற்றியும் அந்தக் குரல் பதிவைப் பற்றியும் மட்டும் பேசுகிற மனுவாக அது இருக்க வேண்டும். அதை எழுதுவதற்கு முன்பே வண்டி, மேலே சொன்ன சாக்பீஸ் சோதனையை முடித்து, பழைய ஆக்சிலுக்குத் திரும்பியிருக்க வேண்டும், கழற்றிய பொலிரோ ஆக்சில் சீல் வைத்து உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.