சிலையே இல்லாத வீட்டில் வளர்ந்த கிறிஸ்தவன் விக்கிரகாராதனைக்காக எதற்கு மனந்திரும்ப வேண்டும்?

இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். விக்கிரகாராதனைக்கு நியாயத்தீர்ப்பு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியைப் பல வருடங்கள் எனக்குள்ளேயே கேட்டு, எனக்குச் சாதகமான பதிலையும் சொல்லிக்கொண்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் என்னைப் போலக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்தபின் அந்த ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கட்டளைகளை ஒப்பித்து, விக்கிரகத்தைப் பற்றிய கட்டளை வந்ததும் "இது நமக்கு இல்லை" என்று தாண்டிப்போனவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பிற சமயத்தார் எதை வணங்குகிறார்கள் என்பதைப் பற்றி நான் இங்கே ஒரு வரியும் எழுதப்போவதில்லை. அதை எதிர்பார்த்து வருகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எசேக்கியேல் 14-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியின் முன் வந்து உட்காருகிறவர்கள் இஸ்ரவேலின் மூப்பர்கள். இருதயத்திலே விக்கிரகங்களை நாட்டியிருக்கிறார்கள் என்று கர்த்தர் சொல்வது அவர்களைத்தான். பொருளாசை என்பதே விக்கிரகாராதனை என்று பவுல் எழுதியதும் கொலோசெயில் இருந்த ஒரு சபைக்கு. வீட்டுக்காரனுக்கு எழுதிய கடிதத்தை எதிர்வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலை நடத்திவந்தேன். 2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடம் பொன் கன்றுக்குட்டி. எத்தனையோ முறை நடத்திய பாடம்தான். மோசே மலையிலிருந்து இறங்கி வர நாளானது, ஜனங்கள் மோசேயின் அண்ணன் ஆரோனிடம் கூடி, தங்களுக்குத் தெய்வத்தைச் செய்து தரக் கேட்டார்கள், அவரவர் வீட்டுப் பெண்கள், பிள்ளைகளின் காதுகளில் இருந்த பொன்னணிகளைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஒரு கன்றுக்குட்டியை ஆரோன் செய்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். மோசே அந்தக் கன்றுக்குட்டியைச் சுட்டெரித்து, பொடியாக அரைத்து, தண்ணீரில் தூவி ஜனங்களைக் குடிக்கச் செய்த இடத்துக்கு வந்தபோது, நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள்.

"சார், அந்தக் கம்மலை எல்லாம் மோசே திருப்பிக் கொடுத்தாரா?"

"எப்படிக் கொடுக்க முடியும்? அதைத்தான் தூளாக்கிவிட்டாரே" என்றேன்.

"அப்படியானால் அந்த அக்காமார் எல்லாரும் வெறும் காதோடேயா போனார்கள்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாடத்தை அப்படியே நிறுத்தி, ஒரு பாட்டைப் பாடச் சொல்லி, ஜெபம் செய்து அனுப்பிவிட்டேன்.

காரணம் இதுதான். 2008-ல் நான் வீடு கட்டும்போது தளம் போடப் பணம் போதவில்லை. கணவரை இழந்து தனியாக இருந்த என் அக்காள், கேட்ட அன்றே கம்மலையும் சங்கிலியையும் கழற்றித் தந்தாள். அப்பா அவள் திருமணத்துக்குப் போட்டவை. இரண்டும் சேர்த்து ஐந்து பவுன். ஆறு மாதத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்லி அடகு வைத்தேன். வட்டி கட்டவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிப்பு இருந்தது, கதவு இருந்தது, முகப்புக்குக் கிரானைட் இருந்தது. கடையிலிருந்து ஏல அறிவிப்பு வந்தது. அந்தக் காகிதத்தைக் கீர்த்தனைப் புத்தகத்தின் அட்டையுறைக்குள் செருகி வைத்தேன். நகை போய்விட்டது.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு எங்கள் சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபித்தார். முகப்பில் "எபெனேசர்" என்று பொறித்திருந்தேன். இம்மட்டும் கர்த்தர் உதவி செய்தார் என்று சாமுவேல் கல்லை நிறுத்திய இடத்தின் பெயர். அதே அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கர்த்தரிடத்தில் திரும்புகிறவர்களானால் அந்நிய தேவர்களை நடுவிலிருந்து விலக்குங்கள் என்று அவர் சொல்வது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொறித்தேன். அன்று பந்தியில் பரிமாறியது அக்காள். காது தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அக்காள் வெறும் காதோடு ஆலயத்துக்கு வருவதைப் பார்த்துச் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "உங்கள் அக்காள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்களா, நகையைக் கழற்றிவிட்டார்களே?" நான், "ஆமாம், அவளுக்கு இப்போது உலகப் பொருள்மேல் பற்று இல்லை" என்றேன். ஒருமுறை இல்லை, பலமுறை. விசுவாசத்தின் பேரில் நகை அணியாதவர்களைக் குறைத்து இதை எழுதவில்லை. அவர்கள் மனதாரக் கழற்றியவர்கள். என் அக்காளுடையதை நான் கழற்றினேன், அதை அவளுடைய பக்தி என்று ஊருக்குச் சொன்னேன். மோசே கேட்டபோது ஆரோன் சொன்ன பதிலைப் பாருங்கள்: பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது. உளி பிடித்துச் செதுக்கியவனே அப்படிச் சொல்கிறான். அந்தக் கன்றுக்குட்டிக்கு முன்னால் "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்று கூறியதும் அவன்தான்.

நியாயத்தீர்ப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பதினோரு வருடங்களில் எனக்கு ஒரு கேடும் வரவில்லை. பதவி உயர்வு வந்தது, மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் கர்த்தருடைய அங்கீகாரம் என்றே எடுத்துக்கொண்டு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். "எப்பிராயீம் விக்கிரகங்களோடு இணைந்திருக்கிறான், அவனைப் போகவிடு" என்று, எப்பிராயீம் என்று அழைக்கப்பட்ட வட இஸ்ரவேலைக் குறித்து ஓசியாவில் ஒரு வசனம் இருக்கிறது. அந்தப் பிள்ளை கேட்ட அன்று இரவு அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இடியும் நெருப்பும் வந்திருந்தால் நான் முன்பே விழித்திருப்பேன். என்னை விட்டுவைத்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபோது, அது விக்கிரகாராதனைக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று ஒருவர் மேடையில் முழங்கியதை நான் காதால் கேட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் செத்தார்கள். குளச்சல் பக்கம் காலம்காலமாகச் சிலுவை போட்டுக்கொண்ட மீனவக் குடும்பங்கள் பிள்ளைகளை வாரிக் கொடுத்தன. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு என்ன சொன்னார்? அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார். பிணங்களைக் காட்டிப் பிரசங்கிக்கிறவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. அன்று அந்த மேடைக்குக் கீழே உட்கார்ந்து "ஆமென்" சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மனந்திரும்புவது எப்படி என்று ஜெபத்தில் கேட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் கணக்குத்தான் போட்டேன். எண்ணாகமம் 5-ல் பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஐந்து பவுனுக்கு ஆறு பவுன். அடகு வைத்த நாளின் விலைக்குப் பணமாகக் கொடுத்தால் போதும் என்று வீட்டில் சொன்னார்கள். அக்காள் பணம் தரவில்லை, பொன் தந்தாள். சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுத்தேன். கிருபையினாலே இரட்சிப்பு, நியாயப்பிரமாணத்துக்கு ஏன் போகிறாய் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். கிருபை பெற்ற சகேயு என்ற வரி வசூலிப்பவன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். நான் ஆறு பவுனைக் கொடுத்து நீதிமானாகவில்லை. அவளுடையது என்னிடம் இருக்கும்வரை நான் முழங்காலில் நின்றது எல்லாம் அந்த வீட்டின் முன்னால்தான்.

நகை டப்பாவை அக்காள் முன் வைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். ஏலம் போனது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. டப்பாவைத் திறக்கவே இல்லை.

"தம்பி, நகை போனதற்கு நான் ஒருநாளும் அழவில்லை. நான் சபை மாறிவிட்டேன் என்று ஏன் சொன்னாய்? திருவிருந்து எடுக்க எழுந்து போனால்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்களே."

எனக்குப் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பெண்கள் பக்கம் அவள் கூடவே நின்று, என்னிடம் கேட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மற்றவர்கள் "பழைய கதை, விடுங்கள்" என்றார்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக ஐயரிடம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து கேள், பிறகு பார்க்கலாம் என்றார்.

அக்காளுக்கு இடது காதில் கம்மல் ஏறிவிட்டது. வலது காது தூர்ந்துபோயிருந்தது. எந்த வருடம் ஈர்க்குச் செருகுவதை விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. சனிக்கிழமை நகை செய்யும் ஆசாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கண்ணை இறுக மூடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஒரே குத்தில் முடித்து, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவி, பத்து நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.